இடம் மாறிய வாள்

போன் அலறியது.

தலவாக்கலை ஹார்ட்வெயார் கடையில் ஸ்க்ரூ வாங்கிக்கொண்டிருந்த தனுஷன் எடுத்துப் பார்த்தான். மனைவி பிரியந்தி.

"என்னங்க... வீட்டுக்கு வாங்க. அழகன் அண்ணன் நம்ம கராஜ்ல செத்துக் கெடக்குறாரு."

அவ்வளவுதான். லைன் கட்.

பொட்டலம் கைதவறி, ஸ்க்ரூ எல்லாம் தரையில் உருண்டது. குனிந்து பொறுக்கக்கூடத் தோன்றவில்லை. வட்டகொடைக்கு ஓர் ஆட்டோவைப் பிடித்தான்.

தூறல். மலையை மறைத்த மூடுபனி. வழிநெடுக ஒரே கேள்விதான் குடைந்தது. நான் இல்லாத நேரத்தில் அழகனுக்கு என் கராஜில் என்ன வேலை...?

அழகன் அந்நியன் இல்லை. ஒரே தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் பிறந்து, ஒரே பள்ளிக்கூடத்துக்கு நடந்த சிநேகிதன். கட்டாரில் மரச்சாமான் கம்பனியில் உழைத்துத் திரும்பிய தனுஷன், வீட்டோடு ஒட்டியிருந்த கராஜில் தச்சுப்பட்டறை போடப்போவதாகச் சொன்னபோது முதலில் தோள் கொடுத்தவனே அவன்தான்.

அந்தக் கராஜ் தனுஷனின் கனவு.

சோக்கட்டியால் தரையில் கோடு போட்டுப் போட்டு அழித்திருக்கிறான். நீளப் பலகை உள்ளே வந்து, மரமறுக்கும் மேசை வாளில் அறுபட்டு, சுவரில் முட்டாமல் வெளியேற வேண்டும். ஜன்னல் வெளிச்சம் வேலை மேசையில் விழ வேண்டும். உளியும் கிளாம்பும் கைக்கெட்டும் தூரத்தில் சுவரில் தொங்க வேண்டும். ஒவ்வொன்றையும் மனசுக்குள் நூறு தடவை இடம் மாற்றிப் பார்த்திருந்தான். வயரிங் வேலையைக்கூட வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. தானே செய்தான்.

இப்போது அதுவே எமனாக நின்றது.

கராஜ் வாசலில் பொலிஸ் ஜீப். உள்ளே, மேசை வாளின் காலடியில், ஈரத் தரையில் அழகன் மல்லாந்து கிடந்தான். வெறுங்கால். வலது உள்ளங்கை கருகியிருந்தது. கண்கள் எதையோ பார்த்து வியந்தபடியே நின்றுபோயிருந்தன.

இன்ஸ்பெக்டர் ஹேரத் திரும்பினார். தோட்டப் பகுதிகளிலேயே காலம் தள்ளியதில் தமிழ் நன்றாகவே வரும்.

"நீங்கதான் வீட்டுக்காரரா? அந்த பிளக் பொயின்ட்டைப் பாருங்க. உள்ளுக்கு வயர மாத்திக் கட்டியிருக்கு. எந்த மெஷின செருகினாலும் அதோட இரும்பு பூரா கரண்ட். ட்ரிப் சுவிட்ச் விழாம இருக்கவும் வேலை செஞ்சிருக்கு. இது விபத்து இல்ல. கொலை."

அவர் சுவரிலிருந்து கண்ணைத் தனுஷன் பக்கம் திருப்பினார்.

"வயரிங் யாரு செஞ்சது?"

"நான்தான் சேர்... ஆனா இப்புடி நான் செய்யல."

"போன வாரம் ரெண்டு பேருக்கும் சண்டையாமே?"

அது பொய்யில்லை. பட்டறைக்கென்று அழகன் இறக்கிய டர்பன்டைன் மரங்களில் தோட்டத்துப் பெயின்ட் அடையாளம் இருந்தது. தண்ணி ஊற்றுக்கு மேலே வெட்டக்கூடாத காட்டில் வெட்டிய மரங்கள். லயத்து ஜனம் குடிக்கிற தண்ணி அது. தோட்டத்துத் துரையிடம் சொல்லிவிடுவேன் என்று தனுஷன் கத்தினான். ஜெயிலுக்குப் போனால் என் குடும்பம் நாசமாகும் என்று அழகன் கெஞ்சினான். கடைசியில் தனுஷனின் சட்டையைப் பிடித்தான். அக்கம்பக்கமே வேடிக்கை பார்த்தது.

அப்புறம் நேற்றுச் சாயங்காலம் அழகனே சிரித்துக்கொண்டு வந்தான். மரத்தைத் திருப்பிக் கொண்டுபோகிறேன் என்றான், சுவரில் சாமான் ராக்கை அடிக்க உதவினான். தனுஷனும் மனசு இளகிவிட்டான்.

சொல்லிப் பார்த்தான். இன்ஸ்பெக்டர் நம்பவில்லை.

"ஒங்க வீடு. ஒங்க வயரிங். ஒங்க சண்டை." அவர் கண்ணசைக்க, கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தார்.

"சேர், ஒரு நிமிசம்."

கராஜை ஒட்டிய சமையல் குசினி வாசலில் பிரியந்தி. குரலில் நடுக்கமே இல்லை.

அவள் சொன்னது இதுதான். நேற்று தனுஷன் குளிக்கப் போன நேரம் அழகன் கராஜில் தனியாக இருந்தான். அப்போது அந்தப் பொயின்ட்டில் செருகியிருந்தது மேசை வாள் அல்ல... பலகை சீவும் பிளேனர். விடிந்ததும் தனுஷன் முதலில் கை வைக்கப்போவது பிளேனரில்தான் என்பது அழகனுக்குத் தெரியும்.

"அழகன் அண்ணன் போன பொறகுதான் எடத்த மாத்துனோம் சேர். சீவுற தூளு குசினிக்குள்ள வருதுன்னு நான்தான் சொன்னேன். பிளேனர வாசப்பக்கம் தள்ளிட்டு, வாள இங்க வச்சு இதே பொயின்ட்ல செருகுனோம். அது அவருக்குத் தெரியாது."

இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது.

வெளியே நின்ற அழகனின் ஆட்டோவைச் சோதித்தார்கள். சீட்டுக்கடியில் ஸ்க்ரூ டிரைவர். இன்சுலேஷன் டேப். ட்ரிப் சுவிட்ச் பெட்டியின் ஆணிகள். பெட்டி மூடியின் உட்புறத்திலும் அவன் விரல் ரேகைகள்.

செத்தவன்தான் கொலைகாரன்!

தனுஷன் செத்தானா என்று பார்க்க வந்தவன், பிளேனரை விட்டு விலகி நின்று, வாளின் வயர் எந்தப் பொயின்ட்டில் போகிறதென்று கவனிக்காமல், ஆபத்தில்லை என்று நம்பி வாளில் கையை ஊன்றியிருக்கிறான். இன்ஸ்பெக்டர் அப்படித்தான் எழுதிக்கொண்டார். விலங்கு திரும்பப் பைக்குள் போனது.

உடலை ஏற்றிக்கொண்டு வண்டி போனபோது மழை வெறித்திருந்தது.

தனுஷன் கராஜ் படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். உயிர் தப்பியதற்கா, சிநேகிதனே உயிரெடுக்க வந்ததற்கா... அவனுக்கே தெரியவில்லை.

பிரியந்தி தேத்தண்ணியோடு வந்தாள்.

"கடவுள்தான் ஒன் வாயால எடத்த மாத்தச் சொல்லியிருக்காரு," என்றான் மூக்கை உறிஞ்சியபடி.

"கடவுள் எங்க வந்தாரு? நான் பாத்தேன்."

"என்ன பாத்த?"

"அவன் பொயின்ட்ட கழட்டுனத. குசினி ஜன்னல் வழியா." அழகன் அண்ணன் இப்போது அவனாகியிருந்தான். "அவன் போனதும் ஒங்க டெஸ்டர பிளேனர்ல வச்சுப் பாத்தேன். செவப்பா எரிஞ்சுச்சு. கராஜ் மெயின ஓப் பண்ணிட்டுத்தான் ஒங்கள நகத்தச் சொன்னேன்."

தனுஷனின் அழுகை அப்படியே உறைந்தது.

"அப்ப... காலையில என்னை டவுனுக்கு அனுப்புனது..."

"நீங்க போனதும் மெயின போட்டேன். தரையக் கழுவி விட்டேன். அவன் வந்தான். செருப்பக் கழட்டிட்டு உள்ள போங்கண்ணே, வாளு ஆடுது, கொஞ்சம் புடிச்சுப் பாருங்கன்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பிரியந்தி..."

"சொன்னா என்னா செஞ்சிருப்பீங்க? கூப்புட்டு வச்சுப் பேசியிருப்பீங்க. அவன் கால்ல விழுந்திருப்பான். நீங்களும் கட்டிப்புடிச்சு அழுதிருப்பீங்க. அடுத்த மாசம் அவன் வேற வழி பாத்திருப்பான். நான் வெள்ளைச் சீலை கட்டியிருப்பேன்."

கோப்பையை நீட்டினாள். ஆவி பறந்தது.

தனுஷனின் கை எழவில்லை. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய முகத்தை, புதிதாக யாரையோ பார்ப்பதுபோல வெறித்தான்.

பிரியந்தி லேசாகச் சிரித்தாள்.

"பயப்படாம குடிங்க... தேத்தண்ணியில கரண்ட் இல்ல."