அப்படி ஒரு பொண்ணே இல்ல

தையல் மெஷினை நிறுத்திய பிறகுதான் தையல்காரிக்கு உறைத்தது. "அம்மா, அம்மா" என்று முதுகுக்குப் பின்னால் சுற்றிச் சுற்றி வந்த குரல் எப்போதோ நின்றுபோயிருந்தது. வெளியே மாலை மழை. அறைக்குள் மெஷின் எண்ணெயும் இஸ்திரிச் சூடும் கலந்த வாசனை. மகள் விளையாட்டாகக் கத்தரித்துப் போட்ட, வாடிக்கையாளரின் நீலப் பட்டுத்துணி தரையில் கிடந்தது.

அவள் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. தன் அம்மா தனக்குச் செய்ததைத்தான் செய்தாள். சின்ன வயதில் அவள் தப்புச் செய்தால் அம்மா அவளைப் பார்ப்பதையே நிறுத்திவிடுவாள். தட்டு வைக்கமாட்டாள், காலைக் கட்டிக்கொண்டு அழுதாலும் குனியமாட்டாள். என் பிள்ளைக்கு இது ஒருநாளும் வேண்டாம் என்று வயிற்றில் சுமந்தபோதே நினைத்திருந்தாள். இன்று கோபம் தலைக்கேறியதும் அம்மாவின் வார்த்தை தானாக வந்து விழுந்தது.

"இந்த வீட்ல அப்படி ஒரு பொண்ணே இல்ல."

இப்போது எழுந்து தேடினாள். "செல்லம்? அம்மாவுக்குக் கோபமெல்லாம் போயிடுச்சு. வாடா."

கட்டிலடியில் இல்லை. கதவிடுக்கில் இல்லை. வாசல் கதவின் உள்தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது.

யாரோ தட்டினார்கள். ஓடிப்போய்த் திறந்தாள். கணவன் குடையை மடக்கினான்.

"ஏன் முகம் இப்படி வெளுத்திருக்கு?" என்றவன், அவள் முழங்கால் பக்கம் பார்த்துச் சிரித்தான். "நீ ஏன் கண்ணு அழுற?"

குனிந்து எதையோ தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டான்.

கைகளுக்கு நடுவே ஒன்றுமில்லை. ஆனால் சட்டை கசங்கியது. தோள்பட்டையில் ஈரம் மெல்லப் பரவியது.

"என்னங்க, யாரைத் தூக்குறீங்க?"

அவன் காதைச் சாய்த்து எதையோ கேட்டான். "என்னது? அம்மாவே இல்லியா?" நிமிர்ந்தான். அவன் பார்வை அவள் முகத்தில் வழுக்கிச் சுவருக்குப் போனது. "இங்கதானே நின்னா..."

அவன் கையைப் பிடித்து இழுத்தாள். கத்தினாள். அவன் கொசு கடித்த இடத்தைப்போல அங்கே சொறிந்துகொண்டான்.

"வா, பக்கத்து வீட்ல பாப்போம்."

கதவு சாத்திக்கொண்டது. வெளியே சாவி திரும்பியது.

ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்தினாள். அவள் பாவாடை நுனியை எதுவோ இழுத்தது. சூடான சின்ன விரல்கள்.

மகள். அழுது வீங்கிய முகம்.

"நான் இங்கயேதாம்மா இருந்தேன். நீதான் பாக்கல."

வாரி அணைத்துக்கொண்டாள். மகளோ அவள் தோளுக்கு மேலே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா... அப்பா யாரைத் தூக்கிட்டுப் போறாரு?"

திரும்பினாள்.

மழையில், விரித்த குடைக்கடியில், அவன் தோளுக்கு மேலே ஒரு சின்னக் கை எழுந்தது. அவர்களைப் பார்த்து மெதுவாக டாட்டா காட்டியது.