முன்வரிசைக்குப் புண்பட்டது

விழா தொடங்குமுன் அலுவலர் ஒருவர் மேடையேறி ஒலிவாங்கியில் நிதானமாகச் சொன்னார்: "உங்க பிள்ளைங்க எல்லாம் சுத்த மக்குங்க."

மேடைக்குப் பின்னால் இருந்த பெரும்பலகை முழுக்கச் சிவந்தது. அவர் திருப்தியோடு தலையாட்டிவிட்டு இறங்கினார். புண்மானிகள் ஒழுங்காக வேலை செய்கின்றன.

மனப்புண் தடுப்புச் சட்டம் வந்ததிலிருந்து எல்லா அரங்குகளிலும் இதுதான் வழக்கம். நாற்காலிக் கையில் பதித்த புண்மானி, உட்கார்ந்திருப்பவரின் நாடியையும் வியர்வையையும் படித்து, மனம் புண்பட்ட நொடியே அவர் பெயரைப் பலகையில் ஏற்றிவிடும். யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று தெரிய வேண்டுமே! சாதாரண நாற்காலிக்கு ஒரு புள்ளி. முன்வரிசை சோபாவுக்கு ஐம்பது. பெரிய மனிதர்களின் மனம் மெல்லியது என்று சட்டம் எழுதியவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள்; அவர்களும் அந்த சோபாவில்தான் உட்காருவார்கள். நூறைத் தாண்டினால் ஒலிவாங்கி அணைந்துவிடும். மூன்றாம் முறை அணைந்தால் ஆயுள் முழுக்க மேடையும் இல்லை, திரையும் இல்லை.

மேடை நகைச்சுவைக்காரி டெல்பினுக்கு ஏற்கெனவே இரண்டு முறை அணைந்திருந்தது.

படங்களில் அவள் கதாநாயகியின் தோழி. அறை வாங்குவாள், இட்லி தின்பாள், அவள் உடம்பைப் பார்த்து நாயகன் கிண்டலடிப்பான். அதற்கு எந்தப் பலகையும் சிவந்ததில்லை. புண்மானி பார்ப்பவர்களுக்குத்தான், நடிப்பவர்களுக்கு அல்ல.

போன முறை அவள் தயாரிப்பாளர் கோதண்டத்தைப் பெயர் சொல்லியே கேலி செய்துவிட்டாள். அவருடைய சொந்தக்காரர்கள், ரசிகர்கள், ஊர்க்காரர்கள் என்று பலகை பொங்கி வழிந்தது. அந்தக் கூட்டத்தில் அவர் பெயர் எங்கே என்றே தெரியவில்லை. இன்று அவள் மேடையில் மன்னிப்புக் கேட்டால் அவர் பொன்னாடை போர்த்தி, அடுத்த படத்தில் கதாநாயகி வேடம் தருவதாக ஏற்பாடு.

"அக்கா, வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க. நாயகி வேஷம்க்கா!" என்று அவளுடைய மேலாளர் நவநீதன் கெஞ்சினான்.

"யார் பேரையும் சொல்ல மாட்டேன். போதுமா?"

அவள் கணக்கு வேறு: பெயர் சொல்லாவிட்டால் சம்பந்தப்பட்டவருக்கு மட்டும்தான் சுடும். ஒரு சோபாவின் பெயர் எரிந்தால் ஐம்பதுதான். ஒலிவாங்கி பிழைத்துக்கொள்ளும், அவளும் பிழைத்துக்கொள்வாள். கோதண்டத்தின் பெயர் மட்டும் ஊரறிய எரியும்.

மேடையேறினாள்.

"எங்க தூத்துக்குடிப் பொண்ணு ஒருத்தி நடிக்க வந்தா. ஒரு தயாரிப்பாளர், கதை சொல்லுதேன், ஓட்டலுக்கு வாம்மான்னு கூப்பிட்டாவ."

கோதண்டத்தின் பெயர் சிவந்தது. ஐம்பது.

"போனா, கதையக் காணல. அவிய வேட்டியையும் காணல!"

சிரிப்பு வெடித்தது. அதற்குள் பலகையில் இரண்டாவது பெயர் சிவந்தது. மூன்றாவது. நான்காவது. ஐந்தாவது, சட்டத்தை எழுதியவர்களில் ஒருவரே. எல்லாம் முன்வரிசை. ஒலிவாங்கி செத்தது.

டெல்பினுக்கு இது மூன்றாம் முறை. எல்லாம் போயிற்று. பக்கவாட்டில் நவநீதன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். பலகையை மறுபடி பார்த்தாள். அவளுக்கு ஆத்திரம் வந்தது, கூடவே அடக்க முடியாத சிரிப்பும் வந்தது. தொண்டை கிழியக் கத்தினாள்:

"ஏல, நான் ஒருத்தரப் பத்தித்தாம்ல சொன்னேன்!"

கடைசி வரிசைக்கும் கேட்டது. எழுந்து நின்று சிரித்தார்கள்.

"பலகைய அணைங்கடா!" என்று கோதண்டம் அலறினார்.

அலுவலர் கையைப் பிசைந்தார். "முடியாதுங்க சார். மூணாவது தடவை அணைஞ்சா, புண்படுத்துனவங்க மன்னிப்புக் கேக்குற வரைக்கும், புண்பட்டவங்க பேரு எல்லா அரங்குப் பலகையிலயும் எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கணும். உங்க முன்வரிசை போட்ட சட்டம்."

ஐந்து பேரும் மேடையைப் பார்த்தார்கள். கோதண்டம் பொன்னாடையோடு ஓடி வந்து, "அம்மா டெல்பின், ஒரே ஒரு வார்த்தை…" என்றார்.

டெல்பின் மேடை விளிம்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"கேக்க மாட்டேன்."