தண்ணிக்கு ஆள் இருக்கு

ஜோகுபாளையத்தில் ஒரு கான்ட்ராக்டர் பாதியில் விட்டுப்போன இடத்தில் நர்சுகளுக்கு விடுதி கட்டிக்கொண்டிருந்தார்கள். நயா பைசா வந்த பிறகும் ஜனங்கள் அணாவிலேயே பேசிக்கொண்டிருந்த காலம். அந்த வேலைக்குத் திட்டம் போடுகிறவனாக மதலைமுத்து தங்கவயலிலிருந்து வந்து இறங்கினான். கையில் ஒரு டிரங்குப் பெட்டி, தோளில் படுக்கை. மனைவி டைபாய்டில் போனதிலிருந்து அவனை எந்த ஊரிலும் யாரும் எதிர்பார்க்கவில்லை.

பழைய வண்டிக்கொட்டகைதான் ஆபீஸ். ராத்தங்கலும் அங்கேயே. சுவரில் அகலமான தாளை ஒட்டி, எந்த வேலை எப்போது தொடங்கி எப்போது முடியும், யார் செய்வார்கள் என்று கலர் பென்சிலால் கோடு இழுப்பது அவன் உத்தியோகம். கொத்தனாருக்கு முன்னால் செங்கல் வர வேண்டும், கான்கிரீட்டுக்கு முன்னால் ஆசாரி வர வேண்டும். இப்படி ஊரையெல்லாம் நேரத்துக்கு வரவழைக்கிற மனிதனைத் தேடி ஒருவரும் வருவதில்லை. சாப்பாட்டைக்கூட மேசையோரம் நின்றபடியே விழுங்கிவிடுவான். உட்கார்ந்தால் எதிரே காலி இடம் தெரியும்.

யுகாதிக்கு முன்னால் கீழண்டைத் தளத்துக்குக் கான்கிரீட் போட்டார்கள். பண்டிகைக்கு ஊருக்குப் போகும்முன் தளம் போட்டுவிடுவது வழக்கம். ஆட்கள் இல்லாத நாட்களில் அது பாட்டுக்கு இறுகும். மேலே சேற்றால் பாத்தி கட்டி, காலையும் மாலையும் தண்ணீர் நிறுத்த ஒருவர் மட்டும் இருந்தால் போதும்.

இன்ஜினியர் ஓஸ்வால்ட் போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனார். "தளம் காய்ஞ்சு வெடிச்சுது, வேற வேலை பாத்துக்கோ மேன்."

எல்லோரும் போன அன்று சாயங்காலம் மதலைமுத்து சுவர்த் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆசாரிக்குக் கோடு இருந்தது, கம்பி கட்டுகிறவனுக்கு இருந்தது. தண்ணீர் ஊற்ற யாரையும் போடவே இல்லை. அதை ஒரு வேலையாக யாரும் நினைப்பதில்லை, அவனும் நினைக்கவில்லை. பங்குனி வெயிலில் தளம் நாள் முழுக்கக் காய்ந்திருக்கும்.

வாளியை எடுத்துக்கொண்டு ஓடினான். தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பம்பு ரூமைப் பூட்டிச் சாவியை ஓஸ்வால்ட் கொண்டுபோயிருந்தார்.

அப்போது மேலே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

குடத்திலிருந்து நிதானமாக, பாத்தி பாத்தியாக ஊற்றுகிற சத்தம். நடுவே வெறுங்கால் நடை. மதலைமுத்து சாரத்துப் படியில் ஏறினான். பலகைகளில் ஈரம் சொட்டியிருந்தது. சத்தம் நின்றது.

மேலே யாரும் இல்லை. பாத்திகள் நிரம்பியிருந்தன. தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. பச்சை சிமெண்டு வாசனையோடு புகையிலை வாசனையும் வந்தது.

கேட்டில் இருந்த வாட்ச்மேன் கோவிந்தப்பாவிடம் ஓடினான். "மேல தண்ணி ஊத்தினது நீயா?"

"நானா? பொழுது சாஞ்சா அந்தப் பக்கமே போகமாட்டேன் சார்." கோவிந்தப்பா பீடியை அணைத்தார். குரலும் தணிந்தது. "சந்திரம்மா ஊத்தியிருக்கும்."

"எந்த சந்திரம்மா?"

"முந்தி இருந்த கான்ட்ராக்டர்கிட்ட தண்ணி ஊத்தின பொம்பள. எந்நேரமும் வாயில புகையிலை. செங்கல் தூக்க ஆள் பத்தலன்னு அவள அங்க அனுப்பிட்டாங்க. தளம் சும்மா காய்ஞ்சுது. தேதி வந்துடுச்சுன்னு தளத்தத் தாங்கின முட்டுக்கட்டை எல்லாம் உருவினாங்க. நிழலா இருக்குன்னு அவ அடியில உக்காந்து சாப்பிட்டா. மொத்தமா வந்து வுழுந்துடுச்சு."

"தனியாவா இருந்தா?"

"அதான் சார் பாவம். அவளுக்குத் தனியா சாப்பிடவே பிடிக்காது. வாங்க வாங்கன்னு எல்லாரையும் கூப்பிடுவா. அன்னிக்கு ஒருத்தரும் போகல."

மதலைமுத்துவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனாலும் மறுநாள் சாயங்காலம் அதே நேரத்தில் நாற்காலியைக் கொட்டகை வாசலில் போட்டு உட்கார்ந்தான். சத்தம் வந்தது. ஏறிப் பார்த்தால் நின்றுவிடும் என்று தெரிந்ததால் ஏறவில்லை. தலைக்கு மேல் ஒரு வீட்டில் ஒருத்தி வேலை செய்துகொண்டிருப்பது போல இருந்தது. அன்றைக்கு வெகு நாளைக்குப் பிறகு உட்கார்ந்து சாப்பிட்டான்.

பண்டிகை முடிந்து ஆட்கள் வந்தார்கள். உரிய நாளில் முட்டு எடுத்தார்கள். ஓஸ்வால்ட் தளத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். "கல்லு மேன், கல்லு!" என்று முதுகில் ஒரு தட்டும் தட்டினார்.

அன்று மாலையிலிருந்து சத்தம் இல்லை. ஊற்ற வேண்டிய தளம் இல்லையே. மதலைமுத்து வாசலில் உட்கார்ந்து இருட்டும்வரை காத்திருந்தான். கொட்டகை அவனை விழுங்கிவிடும் போலிருந்தது. செத்தவளுக்காக ஏங்குகிறோமே என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது, ஏக்கம் மட்டும் குறையவில்லை.

மேலண்டைத் தளத்துக்குக் கான்கிரீட் போட்ட அன்று மேஸ்திரி வந்து கேட்டார். "தண்ணிக்கு யாரைப் போட்டிருக்கீங்க சார்?"

மதலைமுத்து தாளைப் பார்த்தான். இந்த முறை மறதி இல்லை. அந்த இடத்தை வேண்டுமென்றே காலியாக விட்டிருந்தான்.

"ஆள் இருக்கு," என்றான்.

மேஸ்திரி நம்பிப் போனார். வேலை கட்டடத்தின் மறுகோடிக்கு மாறியது. இந்தப் பக்கம் ஒருவரும் ஏறவில்லை. சாயங்காலம் சத்தம் வந்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. தினமும் வந்தது. சில நாள் முணுமுணுப்பாக ஒரு பேச்சும் கேட்டது. "வாங்க, வாங்க" என்பது போல. அவன் சிரித்துக்கொண்டே கேட்டிருந்தான். ஒரு தடவைகூட ஏறிப் பார்க்கவில்லை.

முட்டு எடுக்கும் நாள் வந்தது. ஆசாரிகள் கம்பியும் சுத்தியலுமாகக் கீழே கூடினார்கள். கடைசியாக ஒரு முறை பார்த்துவிடலாம் என்று மதலைமுத்து மேலே ஏறினான்.

தளம் வெளுத்துக் கிடந்தது.

பாத்திக் கரைகள் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தன. குறுக்கே விரல் நுழையும் வெடிப்பு. ஒரு பொட்டு ஈரம் இல்லை. கான்கிரீட் போட்ட நாளிலிருந்து அதில் தண்ணீரே படவில்லை.

அப்படியானால் தினமும் எங்கே ஊற்றினாள்?

"தொடாதீங்க! முட்டுக்கட்டையைத் தொடாதீங்க! எல்லாரும் வெளிய போங்க!"

அலறிக்கொண்டே இறங்கினான். முதல் முட்டில் ஓங்கிய சுத்தியல் அப்படியே நின்றது. ஆசாரிகள் ஒருவரையொருவர் பார்த்தபடி வெளியே போனார்கள். மதலைமுத்து மட்டும் அடியில் நின்றான். முட்டுகளின் நடுவே, நிழல் ஆழமாக இருந்த இடத்தில், தரை சதசதவென்று நனைந்திருந்தது. தினமும் இங்கேதான் ஊற்றியிருக்கிறாள்.

அங்கே இரண்டு தையல் இலைகள் போட்டிருந்தன.

ஒன்று சாப்பிட்டு மடித்த இலை. மற்றது விரித்த இலை. சாப்பிட உட்காருகிறவருக்காகத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தது. தண்ணீர் இன்னும் இலையில் ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்க."

காதோரம், புகையிலை வாசனையோடு.

அவனுக்குப் பயம் இருந்தது. ஆனாலும் அந்த இலை முன்னால் உட்கார்ந்துவிடலாம் என்று நிஜமாகவே தோன்றியது. தலைக்கு மேல் எதுவோ பொடியாக உதிர்ந்து தோளில் விழுந்தது. வெளியிலிருந்து மேஸ்திரி "சார்! சார்!" என்று கத்தினார். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வந்தான்.

தளத்தை இடித்துத் திரும்பப் போட வேண்டியதாயிற்று. தண்ணீருக்கு யாரைப் போட்டாய் என்று ஓஸ்வால்ட் கேட்டார். மதலைமுத்து சுவர்த் தாளில் இருந்த காலி இடத்தைக் காட்டினான். அன்றே சீட்டுக் கிழிந்தது. அதைப் பற்றி அவனுக்கு வருத்தமில்லை. வேண்டுமென்றே விட்ட காலி இடத்தால் ஆசாரிகள் செத்திருப்பார்களே என்ற நினைப்புத்தான் அறுத்தது.

சிவாஜிநகரில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, கசாப்புக் கடைகளுக்கு மேல் ஒரு அறை பிடித்தான். விடிந்தால் அடைந்தால் கூச்சல். ஜட்கா மணியும் வியாபாரிகளின் உருதுவும் அவனுக்குத் தெம்பாக இருந்தன. சாயங்காலம் ஓட்டலில் பொட்டலம் வாங்கிவந்து, கூடக் கொடுத்த இலையைத் தரையில் விரித்தான். அறையில் தண்ணீர் இல்லை. கை கழுவத் தாழ்வாரத்துக் குழாய்க்குப் போய்த் திரும்பினான்.

இலையில் தண்ணீர் தெளித்திருந்தது.

எதிரே இன்னொரு இலை போட்டிருந்தது.