ஒப்புக்குக் குரல்

கதவைத் திறக்க வேண்டாம் என்று கேம் ஆடுபவர் முடிவு செய்த பிறகும், வெளியே நிற்கும் பெண் பேசிக்கொண்டே இருக்கிறாள் என்று புகார் வந்தது.

புகாரைக் கொண்டுவந்தவள் கம்ப்யூட்டர் கேம்களைச் சோதித்துப் பார்க்கும் பெண். நாள் முழுக்க ஒரே கேமை ஆடி, எங்கே ஆள் சுவருக்குள் புகுந்து நடக்கிறான், எங்கே நாய் தரையில் பாதி புதைந்து நிற்கிறது என்று குற்றம் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. ரத்தம், பிணம் எதற்கும் அசராதவள். அன்று ஒலிப்பதிவு அறையின் கனத்த கதவை அரைகுறையாகத் திறந்து, உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அந்தக் கதவுக் காட்சில 'திறக்காதே'ன்னு அமுக்கினா, அந்தம்மா சத்தம் நின்னுடணும்தானே?"

"ஆமா. 'ரொம்பக் குளிருது'ன்னு சொன்னதோட முடிஞ்சிடும்."

"முடியலக்கா. திரை இருட்டான பிறகும் மெதுவா ஏதோ சொல்லிட்டே இருக்காங்க."

"என்ன சொல்றாங்க?"

"புரியல. சுவத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து பேசற மாதிரி இருக்கு. நான் ஹெட்போனைக் கழட்டி வெச்சுட்டேன். இதை வேற யாரையாவது ஆடச் சொல்லுங்கக்கா. எனக்கு என்னவோ மாதிரி இருக்கு."

அவள் போனதும், அவள் அக்கா என்று அழைத்த ஒலியமைப்பாளர் அந்தக் காட்சியின் குரல் ஃபைலைத் திறந்து பார்த்தாள். மூன்றே வசனங்கள், திரையில் ஓடும் ஒலிக்கோட்டில் மூன்று மேடுகளாகத் தெரிந்தன. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நேர்க்கோடு. பேச்சு இருக்கிற இடத்தில் கோடு நேராக இருக்காது, அது அவளுக்குத் தெரியாதா என்ன. ஆனாலும் அந்தக் கோட்டின் முடிவு வரைக்கும் மவுஸை நகர்த்திக்கொண்டே போனாள், தொலைந்த சாவியை அதே மேசை இழுப்பறையில் நாலாவது தடவை தேடுகிறவளைப் போல.

அந்தக் காட்சி இவ்வளவுதான். ஊரெங்கும் தொற்றுநோய். ஆடுபவருக்கு ஒரு வீடு, வீட்டுக்குள் தூங்கும் ஒரு குழந்தை. வெளியே மழை. வயதான ஒரு பெண் வந்து கதவைத் தட்டுகிறாள். திறந்தால் குழந்தைக்கு நோய் தொற்றிவிடும். திறக்காவிட்டால் அவள் வாசலிலேயே செத்துப்போவாள். திரையில் இரண்டு சொற்கள் வரும்: திற, திறக்காதே. எதை அமுக்கினாலும் கேம் வாயைத் திறக்காது. பாராட்டாது, திட்டாது. அடுத்த நாள் விடியும், ஆடுபவர் தன் பாட்டுக்கு அடுப்பைப் பற்றவைக்க வேண்டியதுதான். முன்னோட்டமாக ஆடிப் பார்த்தவர்களில் பெரும்பாலானவர்கள் திறக்கவில்லை. பிறகு எழுதினார்கள்: சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் குரல் ஞாபகத்துக்கு வருகிறது. ஒருவர் முதலிலிருந்து மறுபடி ஆடி, அந்த இடத்துக்கு வந்து கதவைத் திறந்துவிட்டாராம். அப்போதும் மனசு ஆறவில்லையாம்.

இயக்குநருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "அதுதாம்மா வேணும்! ஆடி முடிச்சவன் நிம்மதியா எழுந்து போயிடக் கூடாது. அந்தக் குரல் இருக்கே, அப்படியே வயித்தைப் பிசையுது. நடிகையெல்லாம் வேண்டாம், இதையே வெச்சுடுவோம். எங்கேர்ந்து பிடிச்சே?"

"வீட்டுல ஒருத்தங்க சார்."

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, நாளைக்குக் காலைல சொல்லிடு."

கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று தலையாட்டினாள். யாரிடம் கேட்பது?

நடிகை வந்து பேசும்வரை, யாரையாவது வசனத்தைப் படிக்கவைத்து இடத்தை நிரப்பி வைப்பது அந்தத் தொழிலில் வழக்கம். அலுவலகத்தில் அதற்கு ஒப்புக்குக் குரல் என்று பெயர். பெரிய பிள்ளைகள் ஆட்டத்தில் பொடிசுகளைச் சேர்த்துக்கொள்வார்களே, அந்த ஒப்புக்கு. இந்தக் காட்சிக்கு ஒப்புக்குப் பேசியவள் அவளுடைய அம்மா. சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, சத்தம் எதிரொலிக்காமல் இருக்கத் தலைக்கு மேல் போர்வையைப் போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்தபோது, போர்வைக்குள்ளிருந்து அம்மா கேட்டாள்: "ஏண்டி, பெத்தவளை வாசல்ல நிக்கவெச்சுக் கெஞ்ச விடறதுக்கா இவ்வளவு படிச்சே?"

இருவரும் சிரித்துச் சிரித்து முதல் இரண்டு பதிவுகள் வீணாயின. மூன்றாவதில் அம்மா சிரிக்காமல் பேசினாள். யாராவது இருக்கீங்களா? கதவைத் திற, கண்ணு. ரொம்பக் குளிருது. எழுதிக்கொடுத்த வசனத்தில் 'கண்ணு' கிடையாது. அது அம்மாவே போட்டுக்கொண்டது.

அம்மாவுக்கு மகளின் வேலை என்னவென்று கடைசிவரை சரியாகப் புரியவில்லை. புரியாவிட்டால் என்ன, அதற்கு அவள் கொடுத்த மரியாதை கோயிலுக்குக் கொடுக்கிற மாதிரி. அறைக் கதவு சாத்தியிருந்தால் வீட்டில் பாத்திரம் உருளாது. மிக்ஸி ஓடாது. அண்ணன் போனில் அழைத்தாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரி வந்தாலும் சரி, அம்மாவின் பதில் ஒன்றுதான், அதுவும் குசுகுசுவென்று: "சத்தம் போடாதீங்க. அவ வேலையா இருக்கா."

மழைக்காலத்தில் அந்த வீட்டுக் குளியலறைக் கதவு உப்பிக்கொள்ளும். உள்ளே போனவர் இழுத்தால் வராது. வெளியிலிருந்து ஒருவர் தோளால் ஒரு தள்ளு தள்ள வேண்டும். தச்சரைக் கூப்பிட வேண்டும், கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இரண்டு மழைக்காலம் போய்விட்டது. போன மழையில் ஒரு பிற்பகல், குளிக்கப் போன அம்மாவுக்கு நெஞ்சு வலித்தது. கதவை இழுத்தாள், வரவில்லை. மகள் அடுத்த அறையில் வேலையாக இருந்தாள்.

காதில் ஹெட்போன் மாட்டியிருந்தாள், பாவம் கேட்கவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அண்ணன் தோளைத் தொட்டு, "நீ என்ன பண்ணுவ, உனக்குத்தான் கேக்கலையே" என்றான். அவன் ஆறுதலுக்காகச் சொன்ன அந்த வார்த்தை அவளை இன்றுவரை தின்கிறது.

ஏனென்றால் அவளுக்குக் கேட்டது.

அன்று அவள் அந்தக் கதவுக் காட்சியைத்தான் திரும்பத் திரும்ப ஓடவிட்டுச் சரிசெய்துகொண்டிருந்தாள். கதவைத் திற, கண்ணு. தட்டல். கதவைத் திற, கண்ணு. தட்டல். அந்தச் சுழற்சிக்கு நடுவே ஒரு முறை குரல் இன்னும் மங்கலாக, இன்னும் ஈரமாக, நிஜமாகவே ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து வருகிற மாதிரி கேட்டது. ஒரு வாரமாக எதிரொலியைக் கூட்டியும் குறைத்தும் அவள் தேடிக்கொண்டிருந்த ஒலி அதுதான். "ரொம்ப நல்லா வந்திருக்கு" என்று வாய்விட்டே சொன்னாள். கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதோ என்று ஒலியைக் குறைத்தாள். குறையவில்லை. இன்னும் குறைத்தாள். கடைசியில் அது நின்றது. தான்தான் நிறுத்தியதாக நினைத்துக்கொண்டாள். தாகம் எடுத்து எழுந்து வந்தபோதுதான், குளியலறைக் கதவின் அடியில் வெளிச்சத்தைப் பார்த்தாள்.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது?

புகார் வந்த அன்று மாலை கேமை வீட்டுக்கு எடுத்து வந்தாள். காலைக்குள் முடிவு சொல்ல வேண்டும். சரி என்றால், முகம் தெரியாத லட்சம் பேர் அவள் அம்மாவை மழையில் நிற்கவைத்துக் கதவைச் சாத்துவார்கள். வேண்டாம் என்றால் நடிகை வருவாள், அலுவலக விதிப்படி இந்தக் குரலைப் பிரதிகூட வைத்துக்கொள்ளாமல் அழித்துவிட வேண்டும். அம்மாவின் குரல் என்று அந்த வீட்டில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். பேசுவதற்கு எப்போதும் ஆள் பக்கத்திலேயே இருந்ததால் வேறு எதையும் பதிவு செய்து வைக்கத் தோன்றவில்லை. ஊரார் குரலையெல்லாம் பதிவு செய்கிறவளுக்கு.

மழை பிடித்துக்கொண்டது. அறையின் ஜன்னல் கண்ணாடியில் நீர் இழைஇழையாக இறங்கியது. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியின் முணுமுணுப்பும், சமையலறையில் குளிர்சாதனப் பெட்டியின் உறுமலும் ஒன்றோடொன்று கலந்து வீடு முழுக்கப் பரவியிருந்தன. அதற்கு நடுவே சோப்பு வாசனை ஒன்று, குளித்துவிட்டு யாரோ அந்தப் பக்கமாக நடந்துபோன மாதிரி, லேசாக வந்து தங்கியது. அம்மாவின் சோப்பு. அது தீர்ந்து எத்தனையோ நாள் ஆகிறது. மழைக்குப் பழைய வாசனையெல்லாம் கிளம்பும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு ஹெட்போனை மாட்டினாள்.

காட்சி வந்தது. அம்மா பேசினாள். சோதிக்க வேண்டியது புகாரைத்தானே, அதனால் அவள் 'திறக்காதே'யை அமுக்கினாள். அமுக்கும்போது விரல் கூசியது.

திரை இருண்டது. கேமின் மழைச் சத்தமும் அடங்கியது. ஒன்றுமில்லை. அவள் மூச்சை விட்டாள்.

"கண்ணு."

மங்கலாக. ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து.

"கதவு இழுக்க வரலடி."

அவள் ஒலியைக் குறைத்தாள். குறையவில்லை. முழுவதும் குறைத்தாள். பக்கத்தில் திறந்து வைத்திருந்த ஒலி ஃபைலில் அந்தக் குரலின் டிராக்கையே அணைத்தாள். திரையில் எல்லாக் கோடுகளும் நேராகக் கிடந்தன.

"நெஞ்சு என்னமோ பண்ணுது."

தட்டல். விரல் முட்டியால், மெதுவாக. யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று தட்டுகிற தட்டல்.

"பரவால்ல. அவசரமில்ல. முடிச்சுட்டு வா."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பயமும் இருந்தது, ஆனால் அழுகைதான் முந்தியது. அன்று இதைத்தான் சொன்னாளா? இதையெல்லாம் சொன்னாளா? "வந்துட்டேம்மா, வந்துட்டேன்" என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். காட்சியை மறுபடி தொடங்கினாள். தவறான விசையைத் தட்டி, மறுபடி தொடங்கினாள். சொற்கள் வந்தன. 'திற' என்பதை அமுக்கினாள்.

கேமில் கதவு திறந்தது. அங்கே வயதான பெண் இருக்க வேண்டும். பின்னால் மழை பெய்யும் தெரு இருக்க வேண்டும். இல்லை. வெள்ளை ஓடு பதித்த சுவர் இருந்தது. ஓரத்தில் காது உடைந்த சிவப்பு வாளி. கொடியில் அம்மாவின் துண்டு. அலுவலகத்தில் யாரும் வரைந்திராத அறை.

வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை.

கூடத்தில் விளக்குப் போட்டிருக்கவில்லை. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. அடியில் வெளிச்சம். அம்மா போன பிறகு தச்சர் வந்து இழைத்துக் கொடுத்த கதவு, இப்போது குழந்தை தொட்டாலே நகரும். அவள் தொட்டாள். நகரவில்லை. மரம் ஈரமாக, உப்பிப்போய், மழைக்காலத்தில் இருக்குமே அப்படி.

தோளைக் கொடுத்துத் தள்ளினாள். இன்னொரு தரம்.

திறந்துகொண்டது.

"அம்மா!"

யாரும் இல்லை. தரை காய்ந்திருந்தது. வாளி காலி. குழாயில் ஒரு சொட்டுகூட இல்லை. விளக்கு மட்டும் எரிந்தது. அவள் உள்ளே போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தாள், துண்டு மாட்டும் கொடியைத் தொட்டாள், யாரையோ கண்டுபிடித்துவிடலாம் என்கிற மாதிரி. பின்னால் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. ஓசையே இல்லை.

விளக்கு அணைந்தது.

கைப்பிடியை இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள்.

வரவில்லை.

அப்போது வெளியே நாற்காலி கிரீச்சிட்டது. அவளுடைய நாற்காலி. அவளுடைய அறையில். விசைகள் தட்டுப்படும் சத்தம், தொண்டையைச் செருமும் சத்தம். அந்தச் செருமலை அவளுக்கு நன்றாகத் தெரியும். அது அவளுடையது.

"யாரு அங்கே? கதவைத் தள்ளுங்க!"

தட்டினாள். உள்ளங்கையால் அடித்தாள். அறைக்குள் விசைச் சத்தம் நின்றது. யாரோ கவனித்துக் கேட்கிறார்கள். கேட்கிறது. அவர்களுக்குக் கேட்கிறது.

"ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றது அவளுடைய குரல், சந்தோஷமாக, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

அவள் கத்தினாள். கத்தும்போதே சத்தம் தன் தொண்டைக்குள் சிறுத்துக்கொண்டு போவதை உணர்ந்தாள். யாரோ குறைக்கிறார்கள். இன்னும் குறைக்கிறார்கள். வாய் திறந்திருந்தது, காற்று மட்டும் வந்தது. கை மட்டும்தான் மிச்சம். கதவைத் தட்டினாள். தட்டினாள்.

இருட்டில் ஈரமான கை ஒன்று வந்து அவள் கையைப் பிடித்துக் கதவிலிருந்து மெதுவாக விலக்கியது. சோப்பு வாசனை.

"சத்தம் போடாதே, கண்ணு" என்றாள் அம்மா, காதோரமாக. "அவ வேலையா இருக்கா."