இடது பக்கம் பிடித்த ரவிக்கை

“கண்ணை எங்கடி வச்சுத் தைச்ச? இடது பக்கம் பிடிக்குது!”

விடிந்ததும் விடியாததுமாக மாமியாரின் புது ரவிக்கை தையல் மெஷின் மேல் வந்து விழுந்தது. தெருவுக்கே தைத்துக் கொடுக்கும் மூத்த மருமகள், பதினாறு வருஷத்தில் மாமியாரிடம் மட்டும் ஒரு நல்ல வார்த்தை வாங்கியதில்லை. பழைய அளவு ரவிக்கையை வைத்துத்தானே வெட்டினாள்... எங்கே தப்பும்?

“போட்டுக் காட்டுங்க அத்தை.”

மாமியார் போட்டுக் காட்டினாள். அளவு பார்க்கக் கொக்கியைக் கழற்றியதும், மருமகளின் டேப் பிடித்த கை அப்படியே நின்றது. தப்பு துணியில் இல்லை. இடது மார்பு லேசாகப் பெருத்து, ஓரத்தில் தோல் உள்ளே இழுத்துக் குழி விழுந்திருந்தது.

“இது எத்தனை நாளா அத்தை?”

“ரெண்டு மாசமா கட்டி மாதிரி தட்டுப்படுது. வலியே இல்ல, அப்புறம் என்ன?”

“வலி இல்லன்னாலும் டாக்டர்கிட்ட காட்டணும் அத்தை!”

“வாயக் கழுவு! தப்பாத் தைச்சுட்டு எனக்கு நோய் கட்டுறியா? இந்த வயசுல யார் முன்னாடியோ அவுத்துப்போட்டு நிக்கணுமா? என் மகன்கிட்ட மூச்சு விட்ட... அவ்வளவுதான்!”

அன்றே தெரு முழுக்கப் பேச்சு: மருமகளுக்குத் தைக்கத் தெரியாது! அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். மறுநாள் மாமியார் முன் வந்து நின்றாள்.

“நானும் பரிசோதனை பண்ணிக்கணும் அத்தை. தனியாப் போக பயமா இருக்கு... துணைக்கு வாங்க.”

திட்டிக்கொண்டேதான் மாமியார் செருப்பை மாட்டினாள். ஆஸ்பத்திரியில் இருந்தது பெண் டாக்டர். மருமகள் முதலில் படுத்துப் பரிசோதித்துக்கொண்டு எழுந்தாள்.

“அவ்வளவுதான் அத்தை. இப்ப நீங்க.”

மாமியார் முறைத்தாள். ஆனால் படுத்தாள்.

படம் எடுத்து, ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்த பிறகு டாக்டர் சொன்னார்: “கேன்சர்தான்மா. ஆனா வேற எங்கயும் பரவல. நல்லவேளை, இப்பவே வந்தீங்க. குணப்படுத்திடலாம்.”

மாமியார் மருமகளின் கையைப் பிடித்தாள். வீடு வரும்வரை விடவில்லை.

ஆபரேஷனும் மருந்துமாக எட்டு மாதம் ஓடியது. கழுவித் துடைத்ததெல்லாம் மருமகள்தான். முடி மறுபடி முளைக்கத் தொடங்கிய ஒரு காலையில், அதே ரவிக்கையோடு மாமியார் வந்து நின்றாள். துணி கொடுக்க வந்த நாலு பெண்கள் அங்கே இருந்தார்கள்.

“இவளுக்குத் தைக்கத் தெரியாதுன்னு உங்ககிட்ட எல்லாம் சொன்னேனே... பாவிம்மா நான்! இவ பாக்கலன்னா நான் இன்னைக்கு இல்ல!”

“அத்தை, என்ன இது...” மருமகள் மெஷினை விட்டு எழுந்து வந்தாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அந்த நாலு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மாமியார் மூக்கை உறிஞ்சி நிமிர்ந்தாள்.

“சரி, டேப்ப எடு. பழைய அளவு ரவிக்கை வேண்டாம்டி... இனிமே உன் கையாலயே அளவு எடு.”