அனார்குலின் பின்னந்தலை

திரையில் சுழன்ற தலையின் பின்புறத்தில் ஒரு பள்ளம் இருந்தது. இருக்க வழியே இல்லை. அந்தப் பின்னந்தலை சாய்ராவுடையது.

நாரின் நகரத்துக் கல்லறைச் சிற்பப் பட்டறையில் அதுதான் வழக்கம். இறந்தவரின் வீட்டார் கொண்டுவருவது ஒரே புகைப்படம், நேர்முகமாக. அதைப் பார்த்துக் கணினி முகத்தை எழுப்பும். படத்தில் இல்லாத பின்புறத்துக்கு, பெண்ணென்றால், சாய்ரா தன் தலையை அளவெடுத்து வைத்திருந்ததையே ஒட்டிவிடுவாள். முக்காட்டுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்.

மூன்று முறை நிரவினாள். மூன்று முறையும் பள்ளம் திரும்பி வந்தது, முன்னைவிட ஆழமாக. வெளியே பனி விழுகிற மௌனமும், கல்தூளின் ஈர வாடையும், அடுப்பில் நிலக்கரி வெடிக்கிற சின்னச் சத்தமுமாக அந்த மாலை நாலு மணி இறுகிக்கொண்டே வந்தது. தன் பிடரிக்கு மேலே தொட்டுப் பார்த்தாள். வழவழப்பாகத்தான் இருந்தது. ஆனால் வலித்தது.

எதிரே, திரையின் முதுகுப் பக்கம், அடுப்பருகே தேநீரோடு உட்கார்ந்திருந்தான் இறந்துபோன அனார்குலின் கணவன் தூர்சுன்பெக். வியாழக்கிழமை அவளுக்கு வருடப் படையல். அதற்குள் சிலை நின்றாக வேண்டும்.

“எல்லாருக்கும் உன் தலையைத்தான் ஒட்டுறியாமே? செத்தவங்களுக்கும் உன் கொழுப்பு வந்துடப் போகுது, தங்கச்சி.”

“வந்தா நல்லதுதான், அண்ணே. அக்கா எப்படி இறந்தாங்க?”

“காய்ச்சல்.” கிண்ணத்தைக் கீழே வைத்தான். “அந்தக் குழியை மூடிடு.”

குழியைப் பற்றி சாய்ரா அவனிடம் வாய் திறக்கவே இல்லை.

எழுந்து ஓடலாம். கதவு அவன் பக்கம்.

“மூட மாட்டேன்,” என்றாள். செதுக்கும் இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினாள்.

கருங்கல் சுழலத் தொடங்கியது. பின்புறம்தான் முதலில். அவன் மேசையிலிருந்த சுத்தியலை எடுத்தான். மறு கையால் சுவரிலிருந்த மின்கம்பியைப் பிடுங்கினான்.

விளக்கு அணைந்தது. திரை அணைந்தது.

செதுக்கும் சத்தம் நிற்கவில்லை.

“என்னை அடிச்சாலும் மூட மாட்டேன், அண்ணே.” அவள் நகரவில்லை. “அக்கா இங்கதான் இருக்காங்க. அவங்ககிட்ட சொல்லுங்க.”

கல் மெல்லத் திரும்பியது. நின்றது.

பள்ளம் அவள் பக்கம். முகம் அவன் பக்கம்.

சுத்தியல் தரையில் விழுந்தது.

அடுப்பு வெளிச்சத்தில், அவனுக்குப் பின்னால் இருந்த ஜன்னல் கண்ணாடியில் சாய்ரா அந்த முகத்தைப் பார்த்தாள். புகைப்படத்தில் இறுக மூடியிருந்த உதடுகள். அவற்றின் நடுவே உளி இறங்கிக்கொண்டிருந்தது, கல்லுக்குள் ஒரு வாயைத் திறந்தபடி.