வெளித் தாழ்ப்பாள்

வெள்ளம் வடிந்த வீட்டுக்குள் எனக்கு முன்னால் என் மூக்கு நுழைந்துவிடும். சாக்கடை எது, செத்த எலி எது, ஊறிய மெத்தை எது என்று வாசலிலேயே பிரித்துச் சொல்லிவிடுவேன். இத்தனை வருஷமாகியும் பழகவில்லை. குமட்டிக்கொண்டேதான் அந்த வீடுகளைச் சுத்தம் செய்கிறேன். என் கூட்டாளிக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஏதோ ஒரு காய்ச்சலில் மோப்பம் அடியோடு போய்விட்டதால் அவனுக்கு ‘மூக்கு’ என்றே பேர் வைத்துவிட்டோம். சகதி வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டிபனை ரசித்துச் சாப்பிடுவான், பாவி.

அன்று காலை போன வீட்டில் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர் நின்று வடிந்திருந்தது. வீட்டுக்காரரும் அவர் மனைவியும் மாடிப்படியை விட்டு இறங்கவே இல்லை. ஹாலை வழித்துத் தள்ளிவிட்டுக் கடைசி அறைக்குப் போனோம். கதவின் வெளிப்பக்கத்தில் பெரிய தாழ்ப்பாள் ஒன்றைப் புதிதாக அடித்திருந்தார்கள்.

“இது யாரு ரூம் சார்?”

“அப்பா ரூம். தண்ணி வர்றதுக்கு முந்தியே தவறிட்டாரு.”

“ராத்திரி எழுந்து எங்கயாவது போயிடுவாரு, அதான் தாழ்ப்பாள்...” என்று மனைவி ஆரம்பித்தாள். அவர் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள்.

கதவைத் தள்ளினேன். அடச்சீ! கணுக்கால் வரை கறுப்புச் சகதி. அதில் மாத்திரை அட்டைகள், ஒரு பல்செட், கவிழ்ந்த மூத்திரச் சட்டி. மெத்தையைத் தூக்கினால் அடியில் வெள்ளைப் புழு கொத்துக்கொத்தாக நெளிந்தது. கையுறைக்குள் வழுவழுவென்று எதுவோ புகுந்துகொண்டது. சுவரில் தண்ணீர் நின்ற கோடு என் தோள் உயரத்துக்கு இருந்தது. கதவின் உட்பக்கம், அதே உயரத்தில், மரத்தைப் பிறாண்டிப் பிசிறு பிசிறாக்கியிருந்தது.

ஒரு பிசிறில் நகம் சிக்கியிருந்தது.

முந்தியே தவறியவர் கதவைப் பிறாண்டுவாரா? நாக்கு நுனி வரை வந்த கேள்வியை அடக்கிக்கொண்டேன். என்னோடு இருக்கிற தங்கையின் கைக்குழந்தைக்கு ஓயாத மூச்சிளைப்பு. எங்கள் வீட்டுப் பின்னறைச் சுவரும் ஊறிப் பூசணம் பிடித்துக் கிடந்தது. இந்த வேலை முடிந்ததும் ஈரம் உறிஞ்சும் மெஷினை வீட்டுக்கு எடுத்துப்போக முதலாளி சம்மதித்திருந்தார். பாப்பாவை நினைத்துக்கொண்டு சகதியை வாரினேன்.

அறையைக் கழுவி, மருந்தடித்து, காற்றடிக்கிற ப்ளோயர்களை ஓடவிட்டு, நடுவில் அந்த மெஷினை வைத்தோம். அறை வாசலைப் பிளாஸ்டிக் ஷீட்டால் அடைத்து ஒட்டினோம். மெஷின் காற்றிலிருக்கிற ஈரத்தை மட்டும்தான் இழுக்கும். அறை எவ்வளவு நாறினாலும் அதன் தொட்டியில் விழுகிற தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும்.

மறுநாள் ஷீட்டின் ஓரத்தைத் தூக்கி நுழைந்து, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் தொட்டியை உருவினேன். தண்ணீர் மஞ்சளாக, கொழகொழவென்று இருந்தது. நீளமான நரைமுடி அதில் சுற்றிச் சுற்றி மிதந்தது. ஹாலை ஒட்டிய குளியலறையில் கொட்டினால் அடியில் சளி ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. கருமம், கருமம் என்று தலையில் அடித்துக்கொண்டு திரும்பினேன்.

ஷீட்டுக்கு வெளியே மூக்கு நின்றிருந்தான். ஒரு கையால் மூக்கைப் பொத்தியிருந்தான்.

“அக்கா... நாத்தம்.”

“உனக்கா?”

“மூத்திரம், தைலம்... வயசான ஆளு நாத்தம். எனக்கு அடிக்குதுக்கா.”

உள்ளே யாரோ இருமினார்கள்.

நெஞ்சில் சளி கட்டிய, இழுத்து இழுத்து வருகிற இருமல். பிறகு சொத்தென்று ஈரமான ஒரு சத்தம். ஷீட் எங்கள் பக்கமாகப் புடைத்தது. அதில் ஐந்து விரலும் தெரிந்தன.

“கதவத் திறடா...”

படியில் நின்ற வீட்டுக்காரருக்கும் அது கேட்டது. முகம் வெளுத்துவிட்டது. ஆனால் உள்ளே யாரென்று அந்த மனுஷன் கேட்கவில்லை.

“காஞ்சுடுச்சாம்மா?” என்றார். “காஞ்சதும் கதவச் சாத்திடுங்க.”

புழுவைப் பார்த்து வராத வாந்தி அப்போது வந்தது. அவர் வீட்டு வாஷ்பேசினிலேயே எடுத்தேன். பெற்ற தகப்பனை உள்ளே வைத்துத் தாழ் போட்டுவிட்டு மாடியேறியிருக்கிறார்கள்! தூ, நீங்களெல்லாம் மனுஷங்களா என்று முகத்துக்கு நேராகக் கேட்டேன்.

“அவ்ளோ வேகமா தண்ணி வரும்னு தெரியலம்மா” என்று மனைவி முணுமுணுத்தாள்.

மிச்ச நாளெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டே தொட்டியைக் கொட்டினேன். கடைசியில் அறை காய்ந்தது. ஈரம் அளக்கிற மீட்டரை எங்கே வைத்தாலும் ஈரம் காட்டவில்லை. நாற்றமும் போய்விட்டது, இருமலும் போய்விட்டது. எங்கே போயின என்றுதான் எனக்கு உறுத்தியது. மெஷினைத் தொடவே கை கூசியது.

“இது வீட்டுக்கு வேணாம்டா. குடோன்ல போட்டுடு” என்று மூக்கிடம் சொல்லிவிட்டு வேறொரு வீட்டு வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் வீடு திரும்புகிற வழியில் அவன் போன் செய்தான்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. மெஷின மத்தியானமே உங்க வீட்ல வெச்சுட்டேன். பாப்பா பாவம், எவ்ளோதான் இளைச்சுக்கிட்டுக் கிடக்கும்? நல்லா தேச்சுக் கழுவிட்டேன். மோந்து பாத்தேன், நாத்தமே இல்ல.”

“உனக்கு இப்ப மோப்பம் இருக்கா?”

போனில் அவன் மூச்சை இழுத்து மோந்து பார்ப்பது கேட்டது.

“இல்லக்கா. அந்த வீட்டோட அது போயிடுச்சு.”

ஓடினேன். தங்கை சிரித்த முகத்தோடு கதவைத் திறந்தாள்.

“மெஷின் வந்ததும் இளைப்பே நின்னுடுச்சுக்கா! பின்னறைல அசந்து தூங்குது. மெஷின் ரொம்ப சத்தம் போடுதேன்னு இப்பதான் நிறுத்தினேன்.”

பின்னறைக்குப் போனேன். பாப்பா சீராக மூச்சு விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது.

இளைப்பு மெஷினுக்குள்ளிருந்து வந்தது.

பிளக்கைப் பிடுங்கிச் சுருட்டிய அதன் ஒயர் தரையில் கிடந்தது.

பாப்பாவின் மூடிய கையைப் பிரித்தேன். உள்ளே ஈரமாக ஒரு நரைமுடி. என் உடம்பெல்லாம் அருவருத்தது. குழந்தையை வாரிக்கொண்டு வெளியே பாய்ந்து கதவைச் சாத்தினேன். யோசிக்கவே இல்லை. கை தானாகத் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டது.

வெளியிலிருந்து.

உள்ளே இளைப்பு நின்றது.

“நீயுமாம்மா?”

தாழ்ப்பாளின் மேல் கை அப்படியே இருந்தது. திறக்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. கதவின் அடியிலிருந்து கொழகொழவென்று தண்ணீர் கசிந்து வந்து என் கால்விரல்களை நனைத்தது.